மூச்சு விடுவதை எண்ணமாட்டாள்

சிலாந்தோய்க்குத் திமிர் என்று எங்கள் கடைத்தெருவில் சொல்லாத ஆள் இல்லை. சொல்லிவிட்டுப் போகட்டும். திமிர் இல்லாமல் இந்த மாசாய்ப் புழுதிக்காட்டில் ஒரு நர்சரிப் பள்ளிக்கூடம் நடத்த முடியுமா? முடியும் என்கிறவர் வந்து ஒரு வாரம் நடத்திக் காட்டட்டும். அவருக்கு என் கையால் டீ இலவசம்.

நான் தெக்லா. தேவாலயத்துத் தகரக் கொட்டகைக்கு நேர் எதிரே டீயும் சோடாவும் விற்கிறேன், காலையில் மாண்டாசிப் பணியாரம் பொரிக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அந்தக் கொட்டகை பாஸ்டருக்கு, மற்ற நாளெல்லாம் சிலாந்தோய்க்கு. கொட்டகைக்குக் கதவு கிடையாது. என் எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் உட்கார்ந்தால் அவள் வகுப்பு மொத்தமும் கண்ணுக்குத் தெரியும், காதுக்கும் கேட்கும். அதனால் நான் சொல்வது கேள்விப்பட்ட கதை இல்லை.

அவள் பிறந்தது வறண்ட ஆற்றுக்கு அந்தப் பக்கம். வீட்டில் மாடு மேய்க்க அண்ணன்மார் நிறையப் பேர் இருந்ததால் இவளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு புண்ணியவான் வாத்தியார். ஐந்து என்ற எண்ணை இவள் இடமும் வலமும் மாற்றித் திருப்பி எழுதிவிட்டாள் என்று மர அளவுகோலின் விளிம்பால் விரல் முட்டியில் அடித்தார். விரல் வீங்கி, தானாக ஆறி, கோணிப்போய்விட்டது. இன்றைக்கும் அவள் டீ டம்ளரைப் பிடிக்கும்போது அந்த ஒரு விரல் மட்டும் சேராமல் தள்ளி நிற்கும். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஆளை என் எண்ணெய்ச் சட்டிப் பக்கம் வரவழைக்க வேண்டும்போல இருக்கும்.

கல்யாணம் ஆகி எங்கள் பக்கம் வந்தாள். புருஷன் மொம்பாசா சாலையில் லாரி ஓட்டுகிறவன். எப்போதாவது வருவான், வந்தால் இவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு திரும்பிப் போவான். முதுகில் குழந்தையைக் கட்டிக்கொண்டே விடுமுறைக்கு விடுமுறை நகரத்துக்குப் போய்ச் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் பயிற்சியை முடித்தாள். முடித்த கையோடு பாஸ்டரிடம் போய்க் கொட்டகையைக் கேட்டாள். அவர் யோசித்துச் சொல்கிறேன் என்றார். "யோசிங்க பாஸ்டர், நான் அதுக்குள்ள பெருக்கி வைக்கிறேன்" என்று துடைப்பத்தோடு உள்ளே நுழைந்துவிட்டாள். அவர் இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறார்.

முதல் நாளே சண்டை. பயிற்சியில் சொன்னபடி பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, தலையைத் தொட்டுத் தொட்டு, "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று உரக்க எண்ணினாள். எனக்கு மாவு பிசைந்த கை அப்படியே நின்றுவிட்டது. எங்கள் மாசாய் வீடுகளில் பிள்ளையை எண்ணுவதில்லை, மாட்டையும் எண்ணுவதில்லை. இத்தனை என்று வாய்விட்டுச் சொன்னால் அதில் ஒன்று குறையும். பொழுது சாய்ந்து மாடுகள் தொழுவத்துக்குத் திரும்பும்போது முகம் பார்ப்போம், நிறம் பார்ப்போம், கொம்பு பார்ப்போம். எது வரவில்லை என்று தெரிந்துவிடும். இதெல்லாம் சிலாந்தோய்க்குத் தெரியாததா? நகரத்துப் பழக்கம் நாக்கில் ஒட்டிக்கொண்டிருந்தது, வேறென்ன.

தாய்மார்கள் பாய்ந்து வந்து ஆளுக்கொரு பிள்ளையை இழுத்து அணைத்துக்கொண்டார்கள். எல்லோருக்கும் முன்னால் நோலாரி. குடிக்கணக்கு எடுக்க வந்த ஆளிடம் தன் பிள்ளைகளை எண்ணிச் சொன்ன வருஷம்தான் அவளுடைய கைக்குழந்தை காய்ச்சலில் போனது. அவள் கத்தினால் யாரும் குறுக்கே பேச மாட்டோம்.

"ஏம்மா, நீ எந்த ஊர்ல பொறந்தவ? பிள்ளைங்க தலையைத் தொட்டு எண்ணுறியே, உனக்கும் பிள்ளை இருக்குல்ல?"

"அக்கா, பயிற்சியில அப்படித்தான்..."

"பயிற்சியாம் பயிற்சி! போன பிள்ளையை உன் பயிற்சி திருப்பிக் குடுக்குமா?"

சிலாந்தோய் வாயை மூடிக்கொண்டாள். நான் பார்த்து அவள் வாய் மூடியது அபூர்வம். பிறகு இடுப்பில் கையை வைத்தாள்.

"சரி. மூச்சு விடுறதை எண்ண மாட்டேன். பிள்ளையை எண்ண மாட்டேன், மாட்டை எண்ண மாட்டேன், ஆட்டை எண்ண மாட்டேன். படத்துல வரைஞ்சிருந்தாலும் எண்ண மாட்டேன், எண்ணச் சொல்லவும் மாட்டேன். இது என் வாக்கு. போதுமா? ஆனா மத்தது அத்தனையும் எண்ணுவேன். கல்லு, குச்சி, உங்க கழுத்து மணி, தெக்லா அக்காவோட சோடா மூடி, எல்லாத்தையும். அதுக்கு எவளாச்சும் வாயைத் தொறந்தீங்க, அவ்வளவுதான்!"

நோலாரி தன் மகள் சேனேவாவை இடுப்பிலிருந்து இறக்கி வரிசையில் திரும்ப விட்டாள். அன்றிலிருந்து காலையில் வருகை எடுப்பது எங்கள் வழியில்தான் நடந்தது. "யாரு வரலை?" என்று சிலாந்தோய் கேட்பாள். பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து, "பல்லு விழுந்தவன் வரலை டீச்சர்" என்று சொல்லும்.

நகரத்திலிருந்து கொண்டுவந்த படத்தாள்களில் பாதிக்கு மேல் மாடும் ஆடும் குழந்தையும்தான். அவற்றையெல்லாம் சுருட்டிக் கூரையில் செருகிவிட்டாள். மாவு மூட்டைச் சாக்கைப் பிரித்து, சாயம் வாங்கி, அவளே எண்களை எழுதித் தொங்கவிட்டாள். பக்கத்திலேயே எண்ணுவதற்குச் சோடா மூடிகளைக் கோத்துக் கட்டினாள். அத்தனையும் என் கடை மூடிகள். ஒரு காலத்தில் சோடா குடித்தவர்கள் மூடியைத் தெருவில் எறிவார்கள். இப்போது எறிந்தால் என்னிடம் திட்டு வாங்காமல் போக முடியாது.

அவள் எண் சொல்லித்தரும் விதத்தைப் பார்க்க வேண்டும். தரையில் சாம்பலால் எட்டைப் பெரிதாகப் போடுவாள், ஒரு மாடு படுக்கிற அளவுக்கு. பிள்ளைகள் ஒவ்வொன்றாக அதன்மேல் நடந்து போக வேண்டும். "எங்க ஆரம்பிச்சே? எங்க வளைஞ்சே? இடுப்புல குறுக்கே போனியா?" என்று கேட்டுக்கொண்டே கூட நடப்பாள். எட்டுக்குப் பெயர் பால்குடுவை. ஒன்றுக்குப் பெயர் மேய்ப்பன் கோல். கால் பழகிய பிறகு காற்றில் கை, அதற்குப் பிறகு புழுதியில் விரல். அவள் காலை மடக்கித் தரையில் உட்கார்ந்துவிட்டால் அது எழுதும் நேரம். அவளைச் சுற்றி எல்லாம் குந்தி உட்காரும். ஒரு சத்தம் இருக்காது. வாயால் சொல்லாமல் விரலால் மட்டும் எழுத வேண்டும், அவள் பார்த்துத் தலையாட்டியதும் உள்ளங்கையால் அழித்துவிட்டு அடுத்தது. ஒருவர் எழுதியதை இன்னொருவர் மிதிக்கக் கூடாது. மிதித்தால் மற்றப் பிள்ளைகளே அடித்துவிடும்.

சைபரில்தான் மாட்டிக்கொண்டாள். வட்டமாகப் போட்டு, "இது தொழுவம். உள்ள ஒண்ணும் இல்ல" என்று ஒரு நாள் சொல்லிவிட்டாள். மழை பொய்த்த வருஷம் கழிந்து அப்போதுதான் மூச்சு விட்டுக்கொண்டிருந்தோம். நோலாரியின் புருஷன் கிஷோயன் மந்தையில் பெரும்பகுதியைப் பறிகொடுத்தவன். சேனேவா வீட்டில் போய்ப் பாடத்தை ஒப்பித்திருக்கிறாள். மறுநாள் அவன் சிவப்புப் போர்வையும் கோலுமாகக் கொட்டகை வாசலில் வந்து நின்றான்.

"காலித் தொழுவம்னா என்னன்னு என் மகளுக்கு நீ சொல்லித்தர வேண்டாம் டீச்சர். அவளுக்கு அது நல்லாவே தெரியும்."

சிலாந்தோய் நேராக என் கடைக்கு வந்து, மாண்டாசி தீர்ந்துபோன தட்டைத் தூக்கிக்கொண்டு போனாள். அதற்குப் பிறகு எங்கள் ஊரில் சைபர் என்றால் தெக்லாவின் தட்டு.

ஆனால் பென்சில் விஷயத்தில் அவள் யாருக்கும் அசைந்து கொடுக்கவில்லை. பெட்ரோல் பங்க் பக்கத்தில் பணம் கட்டிப் படிக்கிற நர்சரி ஒன்று வந்தது. அங்கே மூன்று வயதுப் பிள்ளை கையில் பென்சிலைத் திணித்து, ஒன்றிலிருந்து நூறு வரை நோட்டு நிறைய எழுதவைத்து, சிவப்பு மையில் சரி போட்டு வீட்டுக்கு அனுப்புவார்கள். நம் ஆட்களுக்குச் சிவப்பு மை என்றால் கிறுக்கு பிடித்துவிடும். "நோட்டு எங்க டீச்சர்? என் பையன் ஒரு வருஷமா மண்ணைத்தானே கிளறுறான்?" என்று வரிசையாக வந்தார்கள்.

"அங்க படிக்கிற பையன் எழுதுற நூறுல ஏழு எதுன்னு கேளுங்க, ஒண்ணுலேர்ந்து பாடிக்கிட்டே வருவான். உங்க பையன்கிட்ட ஏழு கேளுங்க, ஏழு மூடி எடுத்துக் கையில குடுப்பான். எது வேணும்? நோட்டு வேணும்னா அங்க போங்க."

"மூணைத் திருப்பிப் போடுறானே?"

"போடட்டும். இன்னிக்குத் திரும்பி நிக்கும், நாளைக்கு நேரா நிக்கும். அதுக்காக இங்க யாரும் பிள்ளை மேல கை வைக்கக் கூடாது." இதைச் சொல்லும்போது அந்தக் கோணல் விரலைத்தான் நீட்டுவாள்.

சில பேர் போனார்கள். போகட்டும் என்று அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன், போனவர்களுக்கு ஒரு மாதம் கடன் டீ கொடுக்கவில்லை.

இனி சேனேவா விஷயத்துக்கு வருகிறேன். மலைப்பக்கம் இருக்கிற கிஷோயனின் அண்ணனுக்கு ஆட்டுக்குட்டி பார்த்துக்கொள்ள ஒரு பிள்ளை தேவைப்பட்டது. சேனேவாவைத் தருவதாகக் கிஷோயன் வாக்குக் கொடுத்துவிட்டு வந்து நிற்கிறான். நோலாரி அன்று வீட்டில் போட்ட கூச்சல் என் கடை வரை கேட்டது. மலைக்குப் போன பெண்பிள்ளைகள் எங்கள் கண்முன்னால் எத்தனையோ உண்டு. குட்டி மேய்க்கப் போகும், அப்படியே வளரும், அங்கேயே எவனுக்காவது கட்டிக்கொடுத்துவிடுவார்கள். பள்ளிக்கூட வாசலை மிதித்த ஒன்றைச் சொல்லுங்கள்.

சிலாந்தோய் அவனை என் கடையில் வைத்துப் பிடித்தாள். டீயில் வாய் வைக்கவிடவில்லை.

"இந்தப் பிள்ளையை ஜனவரியில பெரிய பள்ளிக்கூடத்துல முதல் வகுப்புல சேர்க்கணும். நீ என்ன ஆட்டுக்கு அனுப்புறேங்கிற?"

"பெரிய பள்ளிக்கூடத்துல பெஞ்சு கம்மி. புது ஹெட்மாஸ்டர் கேள்வி கேட்டுத்தான் எடுக்கிறாராம். உன் மண் கிளறுற பிள்ளைங்களை எடுக்கப் போறாரா?"

"எடுத்தா?"

கடையில் ஆட்கள் இருந்தார்கள். எல்லோரும் அவனையே பார்த்தார்கள். அவன் கோலைத் தரையில் ஊன்றினான். "எடுத்தா போகட்டும். எடுக்கலைன்னா மறுநாளே மலைக்கு. அதுக்கப்புறம் நீ என் வீட்டுப் பக்கம் வரக் கூடாது."

"தெக்லா அக்கா, கேட்டுக்கிட்டீங்கல்ல?" என்றாள் சிலாந்தோய். கேட்டுக்கொண்டேன். இந்த ஊரே கேட்டுக்கொண்டது.

ஹெட்மாஸ்டர் பெயர் மொமான்யி. வாழை விளைகிற மலைநாட்டிலிருந்து அப்போதுதான் மாற்றலாகி வந்திருந்தார். கெட்ட மனுஷர் என்று சொல்ல மாட்டேன், ஆனால் எங்களைப் பற்றி ஒன்றும் தெரியாதவர். கேள்வி கேட்கும் நாளில் சிலாந்தோய் பிள்ளைகளை எல்லாம் குளிப்பாட்டி, எண்ணெய் தடவிக் கூட்டிக்கொண்டு போனாள். நான் கடையைச் சாத்திவிட்டு பிளாஸ்க் நிறைய டீயோடு பின்னால் போனேன். தாய்மார்களும் வந்தார்கள். கிஷோயனும் வந்து, வேலி ஓரம் ஒற்றைக்காலில் கோலில் சாய்ந்து நின்றான். பிள்ளையை மலைக்குக் கூட்டிப்போக அங்கிருந்தே கிளம்பிவிடுவான்போல இருந்தது அவன் நிற்கிற தோரணை.

பிள்ளைகளை மட்டும் உள்ளே விட்டார்கள். நாங்கள் கண்ணாடி இல்லாத ஜன்னலில் ஒருவர் தோள்மேல் ஒருவர் ஏறாத குறையாகப் பார்த்தோம். முதலில் எண் எழுதிய அட்டைகளைக் கலைத்துக் கலைத்துக் காட்டினார். எங்கள் பிள்ளைகள் பட்டுப் பட்டென்று சொல்லின. அவர் முகம் மலர்ந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை, பக்கத்தில் இருந்தவளைக் கிள்ளிவிட்டேன். அப்புறம் சுவரில் ஒரு பெரிய படத்தைத் தொங்கவிட்டார்.

படம் நிறைய மாடு.

"இதுல எத்தனை மாடு இருக்கு?"

முதல் பையன் படத்தைப் பார்த்தான், தரையைப் பார்த்தான், உதட்டை உள்ளே மடித்துக்கொண்டான். அடுத்த பிள்ளையும் அப்படித்தான். அதற்கு அடுத்ததும். மொமான்யி குச்சியால் ஒவ்வொரு மாட்டையும் தொட்டு, "சொல்லு, ஒண்ணு..." என்று ஆரம்பித்துக் கொடுத்தார். அந்தப் பிள்ளை பயந்துபோய்க் கண்ணை மூடிக்கொண்டது. ஜன்னலில் தாய்மார்கள் நாக்கைக் கடித்தார்கள். சிலாந்தோய் முகத்தில் ரத்தம் இல்லை.

சேனேவா முறை வந்தது. "எத்தனை மாடு பாப்பா?"

"ஒரு சிவப்பு. ஒரு வெள்ளை வயிறு. அந்தக் கொம்பு ஒடிஞ்சவளுக்குப் பக்கத்துல புள்ளிக்காரி. கன்னுக்குட்டி அம்மாவை விட்டுத் தள்ளி நிக்குது, யாராச்சும் ஓட்டணும்."

"அது சரி. எத்தனை?"

சேனேவாவும் உதட்டை உள்ளே மடித்துக்கொண்டாள். அவர் இன்னொரு முறை கேட்டார். பிறகு பெருமூச்சு விட்டு, "அடுத்த வருஷம் பார்க்கலாம். அடுத்து யாரு?" என்றார். வேலி ஓரத்தில் கிஷோயன் இன்னொரு காலையும் தரையில் ஊன்றி நிமிர்ந்தான். என் பக்கத்தில் நோலாரி ஜன்னல் கட்டையைப் பிடித்திருந்த பிடியில் அவள் விரலெல்லாம் வெளுத்துப்போயிருந்தது.

கூப்பிடாமலே சிலாந்தோய் உள்ளே போனாள்.

"சார், அந்தப் படத்தைக் கழட்டுங்க. சோடா மூடி கொண்டு வந்திருக்கேன். இதைக் குடுத்துக் கேளுங்க."

"டீச்சர், எல்லாப் பிள்ளைக்கும் ஒரே படம்தான். உங்க பிள்ளைக்கு மட்டும் தனியா வைக்க முடியுமா? மாடு வளர்க்கிற ஊரு, மாட்டுப் படம் சுலபமா இருக்கும்னுதான் தேடிப் பிடிச்சு வச்சேன்!"

"இங்க மாட்டை யாரும் எண்ணுறதில்ல சார்."

"இது மாடு இல்லையே, காகிதம். நீங்க எண்ணுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. அது எண்ணிடும், உங்க பேச்சைக் கேக்குற பிள்ளைதானே? நான் இப்பவே எடுத்துக்கிறேன்."

மனுஷர் சொன்னது பொய் இல்லை. அவள் சொன்னால் சேனேவா எண்ணிவிடுவாள். எல்லாப் பிள்ளைகளும் எண்ணிவிடும். ஒரு வார்த்தைதான். கிஷோயனுக்கும் அது தெரிந்துவிட்டது. வேலியை விட்டு வந்து ஜன்னலுக்குள் தலையை நீட்டினான்.

"சொல்லேன் டீச்சர்! உன் வாக்கு எவ்வளவு தாங்கும்னு பார்க்கலாம். சொல்லிட்டு வா, நாளையிலேர்ந்து எவ தன் பிள்ளையை உன் கொட்டகைக்கு அனுப்புறான்னும் பார்க்கலாம்."

நோலாரியைப் பார்த்தேன். சொல் என்று கண்ணால் கேட்கிறாளா, சொல்லாதே என்று கேட்கிறாளா, எனக்கு விளங்கவில்லை. அவளுக்கே விளங்கியிருக்காது. ஒரு பிள்ளையை எண்ணிப் பறிகொடுத்தவள். எண்ணாவிட்டால் இன்னொரு பிள்ளை மலைக்குப் போகும்.

"சொல்ல மாட்டேன்" என்றாள் சிலாந்தோய். "படத்துல இருந்தாலும் எண்ணச் சொல்ல மாட்டேன்னு இவங்க எல்லாரும் கேக்கக் குடுத்த வாக்கு. ஆனா சார், இந்தப் பிள்ளைக்கு எண் தெரியாதுன்னு மட்டும் நீங்க எழுதக் கூடாது. எழுதினா நான் இந்த இடத்தை விட்டு நகர மாட்டேன். போலீசைக் கூப்பிட்டாலும் சரி."

சொன்னவள் சொன்ன இடத்திலேயே, அவர் மேஜைக்கு முன்னால், காலை மடக்கித் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அந்த அறைத் தரை சிமெண்ட்தான். ஆனால் எங்கள் ஊரில் எவ்வளவு பெருக்கினாலும் காற்று ஒரு படலம் புழுதியைக் கொண்டுவந்து போட்டுவிடும்.

டீச்சர் தரையில் உட்கார்ந்தால் என்ன நேரம்? சேனேவாவுக்கு அது மட்டும்தான் தெரியும். அவள் பாட்டுக்கு வந்து பக்கத்தில் குந்தினாள். படத்தை ஒரு முறை நிதானமாகப் பார்த்தாள். வாய் திறக்கவில்லை, மாடுகளை நோக்கி விரல் நீட்டவும் இல்லை. குனிந்து புழுதியில் ஒன்பது எழுதினாள். எழுதிவிட்டு, தலையாட்டுவதற்காக டீச்சர் முகத்தைப் பார்த்தாள்.

நான் ஜன்னலில் இருந்து சத்தமாகவே "அப்படிப் போடு!" என்றேன்.

மொமான்யி மேஜையைச் சுற்றி வந்து குனிந்தார். "என்னம்மா இது... திரும்பியில்ல இருக்கு?"

திரும்பித்தான் இருந்தது. வயிறு வலது பக்கம் புடைத்துக்கொண்டு நின்றது அந்த ஒன்பது. சிலாந்தோயின் வலது கை தானாகப் போய் இடது அக்குளுக்குள் ஒளிந்துகொண்டதை நான் பார்த்தேன். ஒரு நொடிதான். அதை வெளியே எடுத்து, கோணல் விரலாலேயே அந்த எண்ணைக் காட்டினாள்.

"ஆமா, திரும்பி நிக்குது. சரியான எண்ணா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்க சார்."

அவர் படத்தைப் பார்த்தார். குச்சியைத் தூக்கி, "ஒண்ணு" என்று தொடங்கப் போனவர், ஜன்னலில் நோலாரி முகத்தைப் பார்த்துவிட்டுக் குச்சியை இறக்கினார். மனசுக்குள் எண்ணினார் என்று நினைக்கிறேன். பிறகு தலையை மட்டும் ஆட்டினார். அந்த மனுஷருக்கு அன்று மாலை நான் டீ காசு வாங்கவில்லை.

சேனேவா உள்ளங்கையால் அழிக்கப் போனாள். "இரு பாப்பா, இரு, அழிக்காதே" என்றார் அவர். அதற்குள் மூலையில் உதட்டை மடித்துக்கொண்டு நின்ற பிள்ளைகள் எல்லாம் ஓடிவந்து தரையில் குந்திவிட்டன. அந்த அறையில் விரல் புழுதியில் உரசுகிற சத்தம் மட்டும்தான். நேராக நின்ற ஒன்பது, திரும்பி நின்ற ஒன்பது, படுத்துக்கிடந்த ஒன்பது என்று மேஜைக்கால் வரைக்கும் நிறைந்துவிட்டது. ஹெட்மாஸ்டர் சுவரை ஒட்டிக்கொண்டே நடந்து தன் நாற்காலிக்குப் போனார், ஒன்றையும் மிதிக்காமல். எல்லாப் பெயரையும் சேர்த்துக்கொண்டார்.

"வாயால சொல்லலையே" என்றாள் நோலாரி என்னிடம், அழுதுகொண்டே. "எழுதினதுதானே அக்கா? அழிச்சுட்டா போச்சு, இல்ல?"

"போச்சு, போச்சு. மூக்கைத் துடை."

வெளியே வந்தால் கிஷோயன் வழியை மறித்து நிற்கிறான். நாலு பேர் கேட்கக் கொடுத்த வாக்கு அல்லவா, அதிலிருந்து நழுவ ஒரு சந்து தேடிக்கொண்டிருந்தான்.

"அது மாட்டுக் கணக்குதான்னு யாரு கண்டா? கோழி கிளறின மாதிரி இருக்கு. எனக்குப் படிக்கத் தெரியாதுன்னு ரெண்டு வாத்தியாருங்களும் சேர்ந்துக்கிட்டு ஏமாத்துறீங்க. நான் ஒத்துக்க மாட்டேன். அவ மலைக்குத்தான் போறா."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு பிளாஸ்க்கை அவன் தலையில் கவிழ்த்திருப்பேன். சிலாந்தோய் என் கையைப் பிடித்தாள். அதற்குள் சேனேவா அப்பாவின் டயர் செருப்புக்கு முன்னால் போய்க் குந்திவிட்டாள். பள்ளிக்கூட வாசல் முழுக்க நல்ல மெல்லிய புழுதி. விரலால் எழுதினாள். இந்த முறை இரண்டு எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

"என்னடி இது?"

"நம்ம தொழுவம்ப்பா. நேத்து சாயங்காலம் வந்ததெல்லாம்."

கிஷோயன் குனிந்து அதைப் பார்த்தான். தலையைச் சாய்த்துப் பார்த்தான். மழை பொய்த்த பிறகு தன் மாடு இத்தனை என்று அவன் பெண்டாட்டியிடம்கூடச் சொன்னதில்லை. கேட்டவனை அடிக்கப் போயிருக்கிறான். இப்போது அது காலடியில் எழுதிக்கிடக்கிறது, அவனுக்கு வாசிக்கத் தெரியவில்லை.

"டீச்சர்" என்றான். குரல் இறங்கிவிட்டது. "என்ன எழுதியிருக்கா? சரியா இருக்கா?"

சிலாந்தோய் அதைப் பார்த்தாள், நிமிர்ந்தாள். "மூச்சு விடுறதை நான் வாயால சொல்ல மாட்டேன். வாக்குக் குடுத்திருக்கேன். அது என்னன்னு உனக்குத் தெரியணும்னா வாசிக்கக் கத்துக்கோ. உன் மகளே சொல்லித்தருவா. ஆனா அதுக்கு அவ இங்க இருக்கணும், உன் அண்ணன் மலையில இருந்தா ஆகாது."

அவன் சுற்றிலும் பார்த்தான். தாய்மார்கள் நிற்கிறார்கள், ஹெட்மாஸ்டர் வாசலில் நிற்கிறார், சாலையில் போகிறவர்கள் என்ன கூட்டம் என்று எட்டிப் பார்க்கிறார்கள். படித்தவர்களும் அதில் இருப்பார்கள். சட்டென்று கோலைக் கீழே போட்டான். எங்கள் ஆண்கள் சின்னப் பிள்ளையின் முன்னால் மண்டியிட்டு நான் பார்த்ததில்லை. இவன் மண்டியிட்டு, தன் உள்ளங்கையால், அந்த எண்கள் இருந்த சுவடே தெரியாதபடி அழுத்தி அழுத்தி அழித்தான்.

"ஏன் கிஷோயன்" என்றேன் நான், கடைத்தெரு வரைக்கும் கேட்கிற குரலில், "கோழி கிளறினதுதானே? அதுக்கு ஏன் இந்த அவசரம்?"

அவன் எழுந்து முழங்கால் புழுதியைத் தட்டிக்கொண்டான். கோலை எடுத்தான். என் பக்கம் திரும்பவே இல்லை.

"பள்ளிக்கூடச் சட்டைக்கு அளவு எடுக்கணும், நட" என்றான் நோலாரியிடம்.